அறிவிப்பு யாருக்காக? உள்ளாட்சிகளின் பொது அறிவிப்பு முறை: ஒரு மதிப்பீடு

ஒரு நகராட்சி சொத்து வரியை உயர்த்தப் போகிறது. ஓர் ஊராட்சி பக்கத்து நகராட்சியோடு இணைக்கப்படப் போகிறது. ஏரிப் பாசனத்தில் இருந்த நஞ்சை நிலம் குடியிருப்புப் பகுதியாக வகைமாற்றம் பெறப் போகிறது. மூன்றிலும் நெறி ஒன்றுதான்: முதலில் தெரிவிக்க வேண்டும், அடுத்து ஆட்சேபணையைக் கேட்க வேண்டும், பிறகே முடிவெடுக்க வேண்டும். முதல் படி பழுதானால் மற்ற இரண்டும் சடங்காகிவிடும். ‘ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை’ என்று கோப்பில் ஏறும் வரி, மக்கள் ஒப்புக்கொண்டதற்கும் பொருந்தும். மக்களுக்குத் தெரியாமலே போனதற்கும் பொருந்தும். இரண்டையும் பிரித்தறியும் வழி அந்தக் கோப்பில் இல்லை. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளின் பொது அறிவிப்பு முறையை எடைபோட இந்த ஒரு காரணமே போதும்.

அளவுகோலை முதலில் வகுத்துக்கொள்வோம். ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் அபினிச் சட்டம் அமைச்சரவைத் தீர்மானமாக மட்டும் இருந்தது, எங்கும் வெளியிடப்படவில்லை. அப்படிப்பட்ட சட்டத்தைக் கொண்டு ஒருவரைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கு முரண் என்று 1951-இல் ஹர்லா வழக்கில் நீதிபதி விவியன் போஸ் தீர்ப்பெழுதினார். அதற்கு முந்திய ஆண்டு, அறக்கட்டளைப் பயனாளிகள் தொடர்பான மல்லேன் வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போயிருந்தது. தெரிவிக்க மெய்யாகவே விரும்பும் ஒருவர் எந்த வழியைக் கையாள்வாரோ அதுவே போதுமான அறிவிப்பு என்றது அது. செய்தித்தாளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் வரும் விளம்பரம் உள்ளூர்க்காரரின் கண்ணில் படுவதுகூடத் தற்செயல்தான் என்றார் நீதிபதி ஜாக்சன். முதல் தீர்ப்பு, வெளியிட்டார்களா என்று கேட்கிறது. இரண்டாவது, தெரிவிக்கும் நோக்கத்தோடு வெளியிட்டார்களா என்று கேட்கிறது. நம் முறையை இரண்டாவது கேள்வியின் முன் நிறுத்துவதே முறையான மதிப்பீடு.

அந்தக் கேள்வியை ஐந்து கூறுகளாகப் பிரிக்கலாம். பாதிக்கப்படுபவரை அறிவிப்பு சென்றடைகிறதா என்பது அடைவு. மறுமொழி சொல்ல நேரம் விடுகிறதா என்பது அவகாசம். சட்டம் படிக்காதவருக்கும் விளைவு விளங்குகிறதா என்பது தெளிவு. பின்னொரு நாள் தேடினால் கிடைக்கிறதா என்பது நிலைப்பு. எந்த நாளில், எந்த வாசகத்தில் வெளியானது என்பதை வெளியிட்டவரைச் சாராமல் நிறுவ முடிகிறதா என்பது சான்று. இந்த ஐந்தையும் ஒருசேர நிறைவேற்றும் ஊடகம் எதுவும் இல்லை. எந்தக் குறையை எந்த நிறையால் ஈடுகட்டுகிறோம் என்பதில்தான் ஒரு முறையின் தரம் இருக்கிறது.

நீதிமன்றங்கள் இந்தத் துறைக்குச் செய்த நன்மையும் விட்டுவைத்த குறையும் உள்ளாட்சி வழக்குகளிலேயே தெரிகின்றன. ராம்பூர் நகராட்சி தண்ணீர் வரி விதிக்க முனைந்தபோது, முன்மொழிவை உள்ளூர் இந்திப் பத்திரிகையில் வெளியிடும்படி உத்தரப் பிரதேசச் சட்டம் கேட்டது. நகராட்சி இந்தியில் எழுதிய அறிவிப்பை ஓர் உருதுப் பத்திரிகையில் போட்டது. ராசா புலந்த் சர்க்கரை ஆலை தொடுத்த இந்த வழக்கில், வெளியிடுவது கட்டாயம், வெளியிடும் விதம் வழிகாட்டுதல் மட்டுமே என்று 1964-இல் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை தீர்ப்பளித்தது. அந்தப் பத்திரிகை ஊரில் நன்றாக விற்றது என்பதையும் கணக்கில் கொண்டது. இதன் நிறை, பொருளைப் பிடித்துக்கொண்டு வடிவப் பிழையை மன்னித்தது. இதன் குறை, விதத்தைத் தளர்த்திய பின் அடைவை அளக்க ஓர் உறுதியான கோலைத் தரவில்லை. இந்தி எழுத்துப் படிக்கத் தெரிந்து உருதுப் பத்திரிகை வாங்குகிறவர்கள் அந்த ஊரில் எத்தனை பேர் என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி. அதைப் பின்வந்த நிர்வாகங்கள் கேட்காமலே கடந்துபோவதற்கு இத்தீர்ப்பு இடம் தந்துவிட்டது.

இரண்டே ஆண்டுகளில் கூப் சந்த் வழக்கு எதிர்த்திசையில் நின்றது. நில எடுப்பில் அரசிதழோடு நிற்காமல் அந்த இடத்திலேயே அறிவிப்பைத் தெரியப்படுத்துவது கட்டாயம், அது இல்லாவிட்டால் எடுப்பே செல்லாது என்றது. 1987-இல் பெங்களூரு நகர வளர்ச்சித் திட்டம் தொடர்பான பி.கே. சீனிவாசன் வழக்கில் நீதிபதி சின்னப்ப ரெட்டி வெளியீட்டின் தேவையை மிகத் திருத்தமாக எடுத்துரைத்தார். நாடாளுமன்றச் சட்டம் பலர் முன்னிலையில் பிறக்கிறது. துணைநிலை விதிகளோ அலுவலக அறைக்குள் ஓசையின்றிப் பிறக்கின்றன. ஆகவே அவை வெளியிடப்பட்டே ஆக வேண்டும் என்பது அவர் வாதம். ஆனால் திட்டத்தின் நகல் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்கிறது என்று அரசிதழில் குறிப்பிட்டதே அந்த வழக்கில் போதுமானதாயிற்று. கோட்பாடு உயரமாக நின்றது; நடைமுறைக்கு விதித்த தேர்வு எளிதாக அமைந்தது. இன்றும் பல அறிவிப்புகள் ‘அலுவலக வேலை நேரத்தில் பார்வையிடலாம்’ என்ற ஒற்றை வரியோடு கடமையை முடித்துக்கொள்வதற்கு இந்த எளிய தேர்வே துணைநிற்கிறது.

இனி ஊடகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அரசிதழில் சான்றும் நிலைப்பும் குறைவற்றவை. புதன்தோறும் வெளியாகும் தமிழ்நாடு அரசிதழுக்கு எண் உண்டு, நாள் உண்டு, பகுதி பிரித்த ஒழுங்கு உண்டு. எழுதுபொருள் அச்சுத் துறையின் இணையதளத்தில் அது கிடைக்கவும் செய்கிறது. அடைவில் அது தேறாது. வழக்கறிஞரும் பதிவு அலுவலகத்தைச் சுற்றியிருப்பவரும் தவிர யாரும் அரசிதழை வாரந்தோறும் புரட்டுவதில்லை. ஆக, அது ஆவணக் காப்பு. அதை அறிவிப்பாகக் கொள்வது பிழை. இந்த வேறுபாட்டைச் சட்டங்களே சில இடங்களில் மறந்துவிடுகின்றன என்பதை அவகாசம் பற்றிப் பேசும்போது காண்போம்.

செய்தித்தாள் அடைவிலும் சான்றிலும் நடுத்தர மதிப்பெண் பெறுகிறது. அதன் பெருமதிப்பு வேறொன்றில் இருக்கிறது: அச்சிடுபவர் உள்ளாட்சிக்கு வெளியே இருப்பவர். நேற்று அச்சான பக்கத்தை இன்று ஆணையாளரால் மாற்ற முடியாது. வெளியீட்டுக்கு வெளியாள் ஒருவர் சாட்சி என்ற இந்த ஒரு தன்மைக்காகவே பத்திரிகை அறிவிப்பை எளிதில் கைவிடக் கூடாது. ஆனால் அதன் இன்றைய வடிவத்தை ஒருமுறை கூர்ந்து பாருங்கள். இரண்டு பத்தி அகலத்தில் ஒரு கட்டம். மேலே உள்ளாட்சியின் பெயர், கீழே செய்தி மக்கள் தொடர்பு இயக்ககத்தின் எண். நடுவே கிராம எண், புல எண், உட்பிரிவு எண், ஹெக்டேர்-ஏர் கணக்கில் பரப்பு, சட்டப் பிரிவின் எண். தெருவின் பெயர் இராது. பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கூடமோ கோயிலோ குளமோ சொல்லப்பட்டிராது. தன் வீட்டுக்கு மூன்றாவது மனையில் என்ன வரப்போகிறது என்று அறிய, ஒருவர் அந்த மனையின் புல எண்ணைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அடங்கலும் புலப்படமும் கையில் உள்ள கிராம நிர்வாக அலுவலருக்கு இது துல்லியமான மொழி. அந்தத் தெருவாசிக்கு இது மூடிய கதவு.

பதிப்பின் சிக்கலும் இதோடு சேர்கிறது. அப்பகுதியில் புழங்கும் நாளிதழ் என்றுதான் சட்டங்கள் கேட்கின்றன. இன்றைய தமிழ் நாளிதழ்களோ பல ஊர்களிலிருந்து தனித்தனிப் பதிப்பாக வருகின்றன. நாளிதழின் பெயர் பொருந்தி, பதிப்பு பொருந்தாவிட்டால், சட்டத்தின் சொல் நிறைவேறும், நோக்கம் நிறைவேறாது. கோப்பில் ஒட்டப்படும் கத்தரிப்பு எந்தப் பதிப்பிலிருந்து வந்தது என்பதைக் கட்டாயமாகக் குறிப்பிடச் செய்தாலே இந்தக் குறை பாதி தீரும்.

அறிவிப்புப் பலகையையும் ஒட்டிச் சார்வு செய்யும் வழக்கத்தையும் குறைத்து மதிப்பிடுவது இன்றைய போக்கு. அது சரியான மதிப்பீடு ஆகாது. இடத்திலேயே நிற்கும் பலகை, பாதிக்கப்படும் இடத்தையும் பாதிக்கப்படும் மனிதரையும் ஒரே புள்ளியில் சந்திக்க வைக்கிறது. வேறு எந்த ஊடகத்துக்கும் இந்த ஆற்றல் இல்லை. பழுது நடைமுறையில் இருக்கிறது. ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிய தாள் ஒரு மழைக்குத் தாங்காது. பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் போன ஆண்டு ஏல அறிவிப்பின் மேல் இந்த ஆண்டு அறிவிப்பு குத்தப்பட்டிருக்கும். ஒட்டப்பட்டது என்பதற்குச் சான்று, ஒட்டியவரே எழுதும் சார்வு அறிக்கையும் இரண்டு சாட்சிக் கையெழுத்தும். எத்தனை நாள் சுவரில் இருந்தது என்பதற்குச் சான்றே இல்லை. ஊடகம் வலியது, அதன் பராமரிப்பு மெலிந்தது.

தண்டோராவை எடைபோடும்போது நிறையையும் குறையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. எழுத்தறியாதவரையும் எட்டியது, சொல்பவர் நின்று மறுகேள்விக்கு விடை சொல்ல முடிந்தது, ஊர் முழுவதும் ஒரே நாளில் அறிந்தது ஆகியவை உண்மையான நிறைகள். ஆனால் பறையடித்து அறிவிக்கும் வேலை தலைமுறை தலைமுறையாக ஒடுக்கப்பட்ட சாதியினர் மீது சுமத்தப்பட்டது. தகவலின் அடைவுக்கு விலையாக மனித மதிப்பு கேட்கப்பட்டது. 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதி, தண்டோரா போடுவதை நிறுத்தி ஒலிபெருக்கி பொருத்திய வாகனங்களைப் பயன்படுத்தச் சொன்னது முழுமையாகச் சரியான முடிவு. அந்த முடிவை நிறைவேற்றிய விதத்தில்தான் ஒரு குறை. முந்திய முறையில் இருந்த நிற்றலும் கேள்விக்கு விடையும் புதிய முறைக்குள் கொண்டுவரப்படவில்லை. பதிவு செய்த குரலோடு ஓடும் ஆட்டோ தெருமுனையைக் கடந்துபோவதற்குள் வாக்கியத்தின் முன்பாதி ஒரு வீட்டுக்கும் பின்பாதி அடுத்த வீட்டுக்கும் போய்ச் சேர்கிறது. சொத்தை ஜப்தி செய்யும்போது பறையறைந்தோ வழக்கமான பிற வழியிலோ தெரிவிக்க வேண்டும் என்ற வாசகம் 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. ஒழித்த முறையை ஏட்டில் வைத்துக்கொண்டு, மாற்று முறைக்குத் தெளிவான விதி எழுதாமல் இருப்பது சீரான சட்டப்பணி ஆகாது. எந்தத் தெருக்கள், எத்தனை நிறுத்தங்கள், எந்த நேரம், யார் பதில் சொல்வார் என்பவை விதியில் ஏற வேண்டும்.

இணையதளம் இன்று அனைத்துக் குறைகளுக்கும் மருந்தாக முன்வைக்கப்படுகிறது. செலவு குறைவு, இட நெருக்கடி இல்லை, முழு வாசகத்தையும் வரைபடத்தையும் சேர்த்தே வைக்கலாம் என்ற வாதங்கள் வலுவானவை. ஆனால் செயலில் காண்பது வேறு. பல உள்ளாட்சித் தளங்களில் அறிவிப்பு, முகப்பில் ஓடும் ஒரு வரியாக வந்து, காலம் முடிந்ததும் மறைந்துவிடுகிறது. பழைய அறிவிப்புகளின் தொகுப்பு கிடையாது. கையெழுத்தும் முத்திரையும் விழுந்த தாளை ஒளிவருடி ஏற்றுவதால் அது படமாகவே இருக்கிறது. தெருப் பெயரைத் தட்டினால் தேடல் எதையும் கண்டுபிடிக்காது. யுனிகோடுத் தமிழை 2010-இலேயே அரசு ஏற்றுக்கொண்டது. ஆயினும் பழைய எழுத்துருக்களில் தட்டச்சாகிப் பின் படமாகும் கோப்புகள் அந்த முடிவின் பயனைச் செயலில் இழக்கச் செய்கின்றன. இவை திருத்தக்கூடிய பிழைகள். அடிப்படைக் குறை ஒன்றே: வெளியிடுபவரே காப்பவர். இன்று ஏற்றிய கோப்புக்கு முந்திய வார நாளைப் போட்டாலும், வாசகத்தை நடுவில் திருத்தினாலும், அதை வெளியே இருக்கும் ஒருவர் நிறுவ வழி இல்லை. செய்தித்தாளின் அடைவுக் குறையை நீக்கப் போய் அதன் சான்று வலிமையையும் சேர்த்து இழப்பது நல்ல பேரமாகாது.

ஊடகங்களைக் கடந்து, அவகாசத்தைக் கணக்கிடும் விதத்துக்கு வருவோம். இங்கேதான் சட்டங்களுக்கிடையே ஒத்திசைவின்மை மிகத் தெளிவாக வெளிப்படுகிறது. பழைய 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம், 1984 திருத்தத்துக்குப் பின், அரசிதழ், நாளிதழ், உள்ளூர் அறிவிப்பு ஆகியவற்றில் எது கடைசியோ அந்த நாளையே வெளியீட்டு நாளாகக் கொண்டது. பல குறைகளுள்ள அச்சட்டத்தில் இந்த விதி நேர்த்தியானது. தாமதத்தின் சுமையை அலுவலகமே ஏற்றது. தேசிய நெடுஞ்சாலைகள் சட்டமோ 21 நாள் ஆட்சேபணைக் காலத்தை அரசிதழ் நாளிலிருந்து எண்ணுகிறது. அறிவிப்பின் சாரத்தை இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் வெளியிடவும் அதே சட்டம் சொல்கிறது. நாளிதழில் வர இரண்டு வாரம் ஆனால், உழவருக்கு மிஞ்சுவது ஒரு வாரம். சட்டப்படி 21 நாள், நடப்பில் ஏழு நாள். தாமதித்தவர் ஒருவர், நாளை இழப்பவர் இன்னொருவர் என்ற இந்த ஏற்பாட்டை எந்த அளவுகோலாலும் நியாயப்படுத்த முடியாது.

இதற்கு மாறாக, ஒரு துறையில் மட்டும் தமிழ்நாடு மெச்சத்தக்க ஒழுங்கை அமைத்திருக்கிறது. 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், மாநில ஒப்பந்தப்புள்ளி இதழ், மாவட்ட ஒப்பந்தப்புள்ளி இதழ் என்று அறிவிப்புக்கு நிலையான இடம் ஒதுக்கியது. 2000-ஆம் ஆண்டு விதிகள், இரண்டு கோடி ரூபாய் வரையிலான ஒப்பந்தப்புள்ளிக்கு 15 நாள், அதற்கு மேல் 30 நாள் என்று குறைந்தபட்ச அவகாசம் வகுத்தன. காலத்தைக் குறைக்க வேண்டுமானால் மேலதிகாரி ஒருவர் காரணத்தை எழுத்தில் பதிவுசெய்ய வேண்டும். இன்று இதற்கென மாநில அளவில் தனி இணையவாயிலும் இருக்கிறது. ஏலக் கூட்டும் முன்கூட்டிய பேரங்களும் இதனால் ஒழிந்துவிட்டன என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனினும் நிலையான இடம், குறைந்தபட்சக் காலம், விலக்குக்கு எழுத்துக் காரணம், ஒரே வாயில் என்ற நான்கு தூண்களும் வடிவமைப்பில் சரியானவை. இந்த மாநிலத்துக்கு நல்ல அறிவிப்பு முறையை அமைக்கத் தெரியும் என்பதற்கு இதுவே சான்று. வேலை எடுக்க விரும்பும் ஒப்பந்ததாரருக்குச் செய்ததை, வரி கட்டும் குடிமகனுக்கும் வீடிழக்கப் போகும் குடும்பத்துக்கும் செய்யவில்லை என்பதே நம் முறையின் மீதான மிகக் கடுமையான விமர்சனம்.

தெளிவு என்ற கூறில் குறை இன்னும் ஆழமானது. ஊராட்சியை நகராட்சியோடு இணைக்கும் அறிவிப்பு, எல்லைகளைத் திசை வாரியாக விவரிக்கும். பிரிவுகளை மேற்கோள் காட்டும். ஊர்மக்கள் கேட்கும் கேள்விகள் வேறு: நூறு நாள் வேலை நின்றுவிடுமா? வீட்டு வரி எவ்வளவு ஏறும்? கிராம சபை இனி இருக்குமா? விளைவைச் சொல்லாத அறிவிப்பு, செயலைச் சொல்லியும் பொருளை மறைக்கிறது. அரசிதழ் வாசகம் சட்டத் துல்லியத்தோடு இருக்கட்டும். அதன் மேல் நான்கு வரியில் என்ன மாறுகிறது, யாருக்கு மாறுகிறது, எந்த நாளுக்குள் யாரிடம் சொல்ல வேண்டும் என்று எழுத எந்தச் சட்டமும் தடையில்லை. மொழியும் இதில் அடங்கும். 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் வந்தபோது, எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் சொல்ல நேர்ந்தது. அறிவிப்பின் மொழி, கருத்துச் சொல்லும் உரிமையின் ஒரு பகுதி என்ற புரிதலை அது வலுப்படுத்தியது. ஆனால் தமிழில் இருப்பது மட்டும் போதாது. படிப்பவருக்கு விளங்கும் தமிழில் இருக்க வேண்டும்.

ஒப்பீட்டுக்கு மூன்று முயற்சிகளைக் கொள்ளலாம். 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, அரசிதழ், வட்டார மொழி உட்பட இரண்டு நாளிதழ்கள், உள்ளாட்சி அலுவலகத்திலும் ஆட்சியர், வட்டாட்சியர் அலுவலகங்களிலும் உள்ளூர் மொழி அறிவிப்பு, அரசின் இணையதளம், பாதிக்கப்படும் பகுதி என்று ஐந்து வழிகளையும் ஒன்றாகக் கட்டியது. ஆட்சேபணைக்கு அதே சட்டம் 60 நாள் தந்தது. ஊடகங்கள் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டும் வகையில் அமைந்த இந்தப் பிரிவு, இந்தியச் சட்டங்களில் அறிவிப்புக் கலையின் சிறந்த வடிவம் என்பது என் கணிப்பு. அதற்குள்ள குறை, ஐந்து வழியிலும் வெளியானதை ஒரே இடத்தில் சரிபார்க்கும் பதிவு இல்லாததுதான்.

ராஜஸ்தானில் தகவல் உரிமைப் போராட்டத்தின் வழிவந்த முயற்சிகள் இரண்டாவது. வேலைத்திட்டக் கணக்குகளை ஊர்ச் சுவர்களில் எழுதும் பழக்கமும், 2019 செப்டம்பரில் தொடங்கிய ஜன் சூச்சனா வாயிலும் அடைவிலும் தெளிவிலும் முன்மாதிரிகள்; தகவலை வார்டு வரை இறக்கின. ஆனால் அவை பெரும்பாலும் முடிந்த செலவையும் பயனாளர் பட்டியலையும் காட்டுகின்றன. முடிவெடுக்கும் முன் கேட்கும் அறிவிப்புக்கு அவை வடிவமைக்கப்படவில்லை. மூன்றாவது, அமெரிக்காவின் புளோரிடா. 2022-இல் இயற்றப்பட்டு 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், நாளிதழுக்கு மாற்றாக மாவட்ட அரசின் இணையதளத்தில் அறிவிப்புகளை வெளியிட அனுமதித்தது. அஞ்சலிலோ மின்னஞ்சலிலோ அறிவிப்பு பெறக் குடிமக்கள் பெயர் பதியலாம் என்ற ஏற்பாடு அதன் உண்மையான நிறை. தேடிச் செல்ல வேண்டிய தகவலை அது தேடிவரும் தகவலாக மாற்றுகிறது. வெளியிடுபவரின் கையிலேயே காப்பையும் விட்டது அதன் உண்மையான குறை. மூன்றும் சேர்ந்து ஒரே பாடத்தைத் தருகின்றன: வழிகள் பலவாகவும் பதிவு ஒன்றாகவும் இருக்க வேண்டும்.

இவற்றின் அடிப்படையில் தமிழ்நாட்டுக்குத் தேவைப்படுவதை வகுத்துச் சொல்லலாம். முதலில், எல்லா உள்ளாட்சிகளின் அறிவிப்புகளுக்கும் மாநில அளவில் ஒரே பொதுப் பதிவகம். அது அறிவிக்கும் உள்ளாட்சியின் கையில் இருக்கக் கூடாது. அரசிதழை அச்சிடும் எழுதுபொருள் அச்சுத் துறையே அதற்குப் பொருத்தமான காவலர். ஒவ்வோர் அறிவிப்புக்கும் மாறாத எண்ணும் ஏறிய நேரமும் வேண்டும். வாசகம் யுனிகோடில் இருக்க வேண்டும். வார்டு, கிராமம், தெரு, புல எண் ஆகிய எதைக் கொண்டும் தேட முடிய வேண்டும். காலம் முடிந்தாலும் அகற்றப்படக் கூடாது. இரண்டாவது, தேடிவரும் அறிவிப்பு. சொத்து வரி, குடிநீர்க் கட்டணக் கணக்குகளோடு தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கும் உள்ளாட்சி, வரி நிலுவையை நினைவூட்டும் வழியிலேயே அந்த வார்டின் அறிவிப்பையும் அனுப்பலாம். வாடகைக்கு இருப்பவரும் மனையற்றவரும் இதில் விடுபடுவார்கள் என்பதால், மூன்றாவதாக, பாதிக்கப்படும் இடத்திலேயே காலம் முடியும் வரை நிற்கும் உறுதியான பலகை வேண்டும். வைத்த நாளிலும் அகற்றிய நாளிலும் எடுத்த படங்கள் பதிவகத்தில் ஏற வேண்டும். கிராம சபையும், 2022 நவம்பரில் நகரங்களில் தொடங்கிய பகுதி சபாவும் கூடும்போது நிலுவையில் உள்ள அறிவிப்புகள் அனைத்தும் படிக்கப்பட வேண்டும்.

நாளிதழை வைத்துக்கொள்ள வேண்டும். அதன் பணியை மாற்ற வேண்டும். முழு வாசகத்தையும் பொடி எழுத்தில் அடைப்பதற்குப் பதிலாக, இடத்தின் பெயர், மாறுவது என்ன, கடைசி நாள், பதிவக எண் ஆகிய நான்கை மட்டும் பெரிய எழுத்தில், அந்த ஊருக்கு வரும் பதிப்பில் வெளியிட்டால் போதும். செலவு குறையும், கண்ணில் படும், வெளியாள் சாட்சியும் நிலைக்கும். அவகாசத்தை எல்லாச் சட்டங்களிலும் கடைசி வெளியீட்டு நாளிலிருந்தே எண்ண வேண்டும். வந்த ஆட்சேபணைகளின் சுருக்கமும் ஒவ்வொன்றுக்கும் மன்றம் சொன்ன விடையும் அதே எண்ணின் கீழ் வெளியாக வேண்டும். விடை கிடைக்காது என்று தெரிந்தால் அடுத்த முறை யாரும் எழுத மாட்டார்கள். அப்போது அறிவிப்பு சென்றடைந்தும் பயனில்லை.

எந்தப் பிழைக்கு என்ன விளைவு என்பதையும் சட்டமே சொல்ல வேண்டும். எழுத்துப் பிழைக்கும் பரப்பளவில் வந்த சிறு தவறுக்கும் ஒரு திட்டம் வீழ்வது நியாயமன்று. ராம்பூர் தீர்ப்பின் தளர்ச்சி அங்கே பொருந்தும். பதிவகத்தில் ஏறாமை, இடத்தில் பலகை இல்லாமை, குறைந்தபட்சக் காலம் தராமை ஆகிய மூன்றும் அடிப்படைப் பழுதுகள். அவற்றில் ஒன்று இருந்தாலும் தீர்மானம் செல்லாது என்று கூப் சந்த் தீர்ப்பின் கண்டிப்பை எழுத்தில் ஏற்ற வேண்டும். எது மன்னிக்கத்தக்கது, எது மன்னிக்கத்தகாதது என்பதை ஒவ்வொரு முறையும் நீதிமன்றமே கண்டறியும்படி விடுவது, வழக்குத் தொடுக்க வசதி உள்ளவருக்கு மட்டும் அறிவிப்பைப் பயனுள்ளதாக்குகிறது.

இவை புதிய சட்டத் தத்துவம் எதையும் கேட்கவில்லை. 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவே, செலவையும் உள்ளூர் மொழியையும் அந்தப் பகுதிக்கு மிகப் பயனுள்ள வழியையும் கருதித் தகவலைப் பரப்பச் சொல்கிறது. முக்கிய முடிவுகளை அறிவிக்கும்போது அவற்றுக்கான உண்மைகளையும் வெளியிடச் சொல்கிறது. நெறி கையில் இருக்கிறது. 2013 சட்டத்தில் வடிவம் இருக்கிறது. ஒப்பந்தப்புள்ளி விதிகளில் நடைமுறை இருக்கிறது. மூன்றும் தனித்தனியாக நிற்கின்றன. ஆகவே தீர்ப்பு இது: தமிழ்நாட்டு உள்ளாட்சிகளின் பொது அறிவிப்பு முறை, வெளியிட்டதை நிறுவுவதில் தேர்கிறது, தெரிவிப்பதில் தோற்கிறது. அலுவலகத்தை வழக்கிலிருந்து காப்பதற்காக வளர்ந்த முறை அது. ஒரு முடிவால் வீடோ நிலமோ வருமானமோ மாறப்போகும் மனிதர், அந்த முடிவுக்கு முன்பே தன் கருத்தைச் சொல்லும் நிலையில் இருந்தாரா என்பதே இனி ஒவ்வோர் அறிவிப்புக்குமான தேர்வாக இருக்க வேண்டும். அந்தத் தேர்வில் தேறாத அறிவிப்பை, கோப்பு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், அறிவிப்பு என்று ஏற்கக் கூடாது.